பதிவேடு யார் கையில்?



இன்றைய திருவள்ளூரும் பொன்னேரியும் பழைய செங்கல்பட்டு ஜில்லாவின் தாலுகாக்கள். 1891இல் அந்த ஜில்லாவின் கலெக்டர் திரமென்ஹீர் பறையர்களின் நிலை குறித்து அளித்த அறிக்கையைப் பஞ்சமி நிலத்தின் தொடக்கமாக நாம் நினைவுகூர்கிறோம். கடனால் மிராசுதாரிடம் கட்டுண்டு கிடந்த படியாளின் உழைப்பையும் அது பேசியது. கடன் படியாளுடையது, கணக்கு ஆண்டையுடையது.

இதைச் சட்டம் தலைகீழாக்க 85 ஆண்டுகள் ஆயின. ஒரு கடனைக் கொத்தடிமைக் கடன் என்று தொழிலாளி சொன்னால், அப்படி அல்ல என்று மெய்ப்பிக்கும் பொறுப்பை 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு கடன் கொடுத்தவர்மீது வைத்தது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வாங்கும் வேலை கட்டாய உழைப்பே என்று 1982இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. கட்டாய உழைப்பு தெரிந்தாலே முன்பணம் இருந்ததாகக் கொள்ளலாம் என்றது 1983 பந்துவா முக்தி மோர்ச்சா தீர்ப்பு. திருவள்ளூர் செங்கல் சூளைகளிலிருந்து இருளர்களும் ஒடிசா தொழிலாளர்களும் மீட்கப்பட்டது இந்தச் சட்டத்தின் துணையோடுதான்.

அதே மாவட்டத்தில் கும்மிடிப்பூண்டி சிப்காட் வாசலைத் தாண்டினால் நிலைமை வேறு. வேலையில் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்யும் அரசியல் சட்டத்தின் 16ஆம் உறுப்பு அரசுப் பணிக்கு மட்டுமே. பழிவாங்கும் பணிநீக்கத்தைத் தொழில் தகராறுச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணை கண்டித்தது. சாதியைப் பெயர் சொல்லிக் குறிக்கவில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம், தலித் ஒருவர் வேலை செய்வதைத் தடுப்பதைக் குற்றமாக்கியது. ஆனால் குற்றவழக்கு தண்டனை தரும். பறிபோன வேலையைத் திருப்பித் தராது.

ஆகவே, சாதியால் வெளியேற்றப்பட்ட ஒப்பந்தத் தொழிலாளியும் தொழிலாளர் நீதிமன்றத்தில் வெறும் 'ஆட்குறைப்பு' வழக்காகவே நிற்கிறார். ஓராண்டில் 240 நாள் வேலை செய்ததை முதலில் அவரே காட்ட வேண்டும். சொந்த வாக்குமூலம் மட்டும் போதாது என்றது 2002இல் கர்நாடக வனத்துறை வழக்கில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. பணி நியமனக் கடிதமோ சம்பளச் சீட்டோ தரப்படாதவர் எதைக் காட்டுவார்? 2005இல் எல்லட்டி வழக்கில் அதே நீதிமன்றம் ஒரு கதவைத் திறந்தது: தொழிலாளி கூண்டேறிச் சாட்சி சொல்லி, வருகைப் பதிவேட்டைக் கொண்டுவரக் கோரலாம். நிர்வாகம் அதை மறைத்தால், வழக்கின் தன்மையைப் பொறுத்து, அதற்கு எதிராகவே முடிவுசெய்ய இடமுண்டு.

சூளைக்குக் கிடைத்த நீதி ஆலைக்கும் வேண்டும். தனியார் வேலையில் சாதிப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டமும், காரணத்தை மெய்ப்பிக்கும் பொறுப்பு முதலாளியுடையது என்ற விதியும் நம் கோரிக்கைகள். அதுவரை, ஒவ்வொரு வழக்கிலும் முதல் மனுவிலேயே பதிவேட்டைக் கேட்போம்.