'ஹேரெம்': ஒரு சொல்லின் பெயர்ப்பு வரலாறும் இறைவன்முறைச் சிக்கலும்

1. முன்னுரை

பகைவரை நேசிக்குமாறு போதித்த மலைப்பொழிவும், கானான் நாட்டுக் குடிகளை ஆண், பெண், குழந்தை என்ற வேறுபாடின்றி அழிக்குமாறு இறைவன் ஆணையிட்டதாகக் கூறும் உபாகமம், யோசுவா, 1 சாமுவேல் ஆகிய நூல்களின் பகுதிகளும் ஒரே திருமறைத் தொகுப்பில் இடம்பெற்றுள்ளன. இவ்விரண்டையும் எவ்வாறு ஒருங்கே ஏற்பது என்ற வினா கிறித்தவச் சிந்தனை வரலாற்றில் ஏறத்தாழப் பதினெட்டு நூற்றாண்டுகளாக எழுப்பப்பட்டு வருகிறது. இவ்வினா பெரும்பாலும் இறையியலாரின் சிக்கலாகவே கருதப்பட்டுள்ளது. ஆயின், இறையியலார் விடை கூறத் தொடங்குவதற்கு முன்பே மொழிபெயர்ப்பாளர் ஏதேனும் ஒரு விடையைச் சொல்லில் எழுதிவிட்டனர் என்பதை இக்கட்டுரை காட்ட முற்படுகிறது. இதற்கு எபிரேய மொழியின் 'ஹேரெம்' என்ற ஒரு சொல்லின் பெயர்ப்பு வரலாறு சான்றாக எடுத்துக்கொள்ளப்படுகிறது.

2. சொல்லும் அதன் பொருட்களமும்

'ஹேரெம்' என்ற பெயர்ச்சொல்லும் அதனோடு தொடர்புடைய வினையும் ஹ்-ர்-ம் என்ற செமித்திய வேரிலிருந்து பிறந்தவை. விலக்கப்பட்டது, பொதுப் பயன்பாட்டிலிருந்து பிரித்து வைக்கப்பட்டது என்பது இவ்வேரின் அடிப்படைப் பொருள். அரபு மொழியின் 'ஹராம்' என்ற சொல்லும் இதே வேரினது. லேவியராகமம் 27-ஆம் அதிகாரத்தில் ஹேரெம் ஆக்கப்பட்ட பொருளை விற்கவும் மீட்கவும் இயலாது. அது முழுவதும் இறைவனுக்குரியது. மனிதர் ஹேரெம் ஆக்கப்பட்டால் அவர் கொல்லப்பட வேண்டும் என்று அதே பகுதி கூறுகிறது. போர்ச்சூழலில் இச்சொல் வரும்போது, தோற்ற நகரும் அதன் மக்களும் கால்நடைகளும் வென்றவரின் கொள்ளைப் பொருளாகாமல் இறைவனுக்கு ஒப்படைக்கப்பட்டு அழிக்கப்படுவதை அது குறிக்கிறது. எனவே படைத்தல், விலக்கல், அழித்தல் என்ற மூன்று பொருட்கூறுகள் இச்சொல்லில் பிரிக்க இயலாதவாறு பிணைந்துள்ளன.

இது இசுரவேலருக்கு மட்டும் உரிய வழக்கன்று. 1868-இல் இன்றைய யோர்தானிலுள்ள திபானில் கண்டறியப்பட்டதும் கி.மு. 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததுமான மேசா கல்வெட்டில், மோவாபிய மன்னன் மேசா நேபோ என்ற இசுரவேல் ஊரைக் கைப்பற்றி 7000 பேரைக் கொன்று தன் தெய்வமான அஷ்தார்-கெமோஷுக்கு ஒப்படைத்ததாகக் கூறுகிறான். அங்கு ஆளப்படும் வினையும் இதே வேரினதே. அதாவது, யோசுவா நூலில் இசுரவேலர் செய்ததாகக் கூறப்படும் செயல், இக்கல்வெட்டில் இசுரவேலருக்கே செய்யப்படுகிறது.

தமிழ் வழக்கில் இச்சொல்லுக்கு ஓரளவு நெருங்கி வருவது 'நேர்ந்துவிடுதல்' எனலாம். சிற்றூர்த் தெய்வத்திற்கு நேர்ந்துவிட்ட கிடாயை உடையவன் விற்பதில்லை. வேறு பயனுக்குக் கொள்வதுமில்லை. அது தெய்வத்தின் உடைமையாகித் திருவிழாவன்று பலியாகிறது. மூன்று பொருட்கூறுகளும் இவ்வழக்கில் உண்டு. இவ்வொப்புமை சிக்கலைத் தணிப்பதில்லை, கூர்மைப்படுத்துகிறது என்பது கவனிக்கத்தக்கது. கிடாய் இருந்த இடத்தில் ஓர் ஊரின் குழந்தைகள் வைக்கப்படுகின்றனர்.

3. கிரேக்கப் பெயர்ப்பு: ஒன்று பலவாதல்

கி.மு. 3-ஆம் நூற்றாண்டு முதல் உருவான எழுபதின்மர் பெயர்ப்பு இச்சொல்லை ஒரே சீராகக் கையாளவில்லை. யோசுவா 6:17-இல் எரிகோ நகர் 'அனாதெமா' எனப்படுகிறது. கோயிலில் எடுத்து வைக்கப்பட்ட காணிக்கை என்ற பொருளோடு தொடர்புடைய கிரேக்கச் சொல் இது. உபாகமம் 7:2-இல் அச்சொல் இல்லை. மறையச் செய்தல், இல்லாதாக்கல் என்ற பொருளுடைய வினையே ஆளப்பட்டுள்ளது. 1 சாமுவேல் 15:3-இல் மேலும் வியப்பான நிலை காணப்படுகிறது. எபிரேய வினை வடிவம் அங்கு 'இயெரிம்' என்ற இயற்பெயராகவும் இடம்பெற்று, அமலேக்கோடு சேர்த்து வெட்டப்பட வேண்டிய ஒரு தரப்பைப் போலத் தோற்றமளிக்கிறது. அதே வசனத்தில் வேரோடு அழித்தல், அனாதெமா ஆக்கல் என்ற வினைகளும் வருகின்றன. விளங்காத ஒரு வினையிலிருந்து ஒரு கூட்டமே பிறந்துவிட்டது எனலாம்.

சொல் மாற்றம் கருத்து மாற்றமாகவும் அமைந்த இடம் யாத்திராகமம் 15:3. எபிரேய மூலம் இறைவனைப் 'போர் மனிதன்' என்று அழைக்க, கிரேக்கப் பெயர்ப்பு 'போர்களை நொறுக்குபவர்' என்கிறது. போரில் பகைவரை நொறுக்குபவர் என்றும் போரையே ஒழிப்பவர் என்றும் இதற்குப் பொருள் கொள்ளலாம். இறைவனை மனிதன் எனக் கூறத் தயங்கியதே இம்மாற்றத்தின் காரணமாகலாம். காரணம் எதுவாயினும், கிரேக்கத்தில் மட்டும் படித்தவருக்கு மூலத்தின் முரண் முழு வலிமையோடு எட்டவில்லை.

அனாதெமா என்ற சொல் இதன் பின்னரும் பயணம் செய்தது. புதிய ஏற்பாட்டில், குறிப்பாகக் கலாத்தியர் 1:8-9-இல், அது 'சாபத்திற்கு உரியவன்' என்ற பொருளைப் பெற்றது. கி.பி. 325-இல் நீசேயாச் சங்கம் வகுத்த விசுவாச அறிக்கை, மாற்றுக் கொள்கையினரை அனாதெமா எனக் கூறி முடிந்தது. காணிக்கை, அழிவு, சாபம், சபைநீக்கம் என்ற வரிசையில் ஒரு போர்ச்சொல் திருச்சபைச் சட்டச் சொல்லாயிற்று.

4. நீக்குதலும் உருவகமாக்குதலும்

சிக்கலைத் தீர்க்க எடுக்கப்பட்ட முதல் பெருமுயற்சி பதிப்பாசிரியர் முறையிலானது. கி.பி. 144-ஐ ஒட்டி உரோமைத் திருச்சபையிலிருந்து பிரிந்த மார்சியோன், எபிரேய மறைநூல்களின் இறைவனும் இயேசுவின் தந்தையும் வெவ்வேறானவர் எனக் கொண்டு, அந்நூல்களை முழுவதுமாக விலக்கினார். தாம் திருத்திய லூக்கா நற்செய்தியையும் பவுலின் பத்து மடல்களையும் மட்டுமே ஏற்றார். மறைநூல்களை உருவகமாகப் படிப்பதை அவர் மறுத்தார் என்பது ஈண்டு முக்கியமானது. சொல் சொன்னதையே சொல்லுகிறது என்று கொண்டதால்தான் அவருக்கு நீக்கத்தைத் தவிர வேறு வழி இல்லாமற்போயிற்று.

எதிர்வழியை வகுத்தவர் 3-ஆம் நூற்றாண்டின் ஓரிகன். யோசுவா நூலைப் பற்றிய அவருடைய 26 மறையுரைகள் ரூஃபினுசின் இலத்தீன் பெயர்ப்பில் கிடைக்கின்றன. கானானியர் என்பவர் உள்ளத்தின் தீய நாட்டங்கள். அவர்களுள் ஒருவரையும் எஞ்சவிடாமை உள்ளத்தூய்மை என்பது அவரது விளக்கம். இவ்விளக்கத்தின் அச்சாணி ஒரு பெயரொற்றுமை. கிரேக்கத்தில் யோசுவாவின் பெயரும் இயேசுவின் பெயரும் ஒன்றே. ஆகவே யோசுவா செய்த போர் இயேசு உள்ளத்தில் செய்யும் போராக எளிதில் மாறுகிறது. 1611-இன் ஆங்கிலப் பெயர்ப்பிலும் எபிரெயர் 4:8-இல் யோசுவாவைக் குறிக்க இயேசுவின் பெயரே நின்றது. தமிழ்ப் பெயர்ப்பு அவ்விடத்தில் 'யோசுவா' என்றே எழுதுகிறது. பொருள் தெளிவுக்கு இது சரியே. ஆயினும் ஓரிகனின் விளக்கம் எதன்மேல் நின்றது என்பதைத் தமிழ் வாசகர் தம் நூலிலிருந்து அறிய இயலாது.

மொழிபெயர்ப்பாளரே நீக்கியதாகக் கூறப்படும் செய்தி கோத்திய மொழிக்குரியது. 4-ஆம் நூற்றாண்டில் கோத்திய எழுத்தை அமைத்து மறைநூலைப் பெயர்த்த வுல்ஃபிலா, போர்நாட்டம் மிக்க தம் மக்களுக்குத் தூண்டுதல் தேவையில்லை, கடிவாளமே தேவை எனக் கருதி அரசர் நூல்களைப் பெயர்க்காமல் விட்டார் என வரலாற்றாசிரியர் பிலொஸ்தோர்கியுஸ் கூறுகிறார். கோத்தியப் பழைய ஏற்பாட்டில் இன்று எஞ்சியிருப்பவை பெரும்பாலும் நெகேமியா நூலின் சில பகுதிகளே. ஆதலின் இச்செய்தியைப் பனுவல் கொண்டு உறுதிசெய்ய இயலாது. எனினும் மொழிபெயர்ப்பாளரின் பொறுப்பு பற்றி அக்காலத்தவர் எண்ணியதை இது உணர்த்துகிறது. அண்மைக் காலத்தில் இதற்கு இணையான முடிவு வழிபாட்டு நூலில் எடுக்கப்பட்டது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப்பின் சீரமைக்கப்பட்ட கத்தோலிக்கத் திருப்புகழ்மாலையில் 58, 83, 109 ஆகிய மூன்று சங்கீதங்கள் முழுவதும், 137-ஆம் சங்கீதத்தின் இறுதி உள்ளிட்ட சில பகுதிகளும் விடப்பட்டன. விவிலியத்தில் அவை அப்படியே உள்ளன. மன்றாட்டில் மட்டுமே இல்லை.

5. ஆணை, முன்மாதிரி, வரலாறு

மூன்றாவது விடை ஆணையை மையமாகக் கொண்டது. உயிரின் தலைவன் இறைவனாதலின் அவன் ஆணையால் நிகழும் கொலை அநீதியன்று என்பது 13-ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் வகுத்த வாதத்தின் சாரம். 1564-இல் வெளிவந்த யோசுவா விரிவுரையில் கால்வினும் இவ்வழியையே பின்பற்றினார். இவ்விடையின் ஆபத்து, அதை வேறொரு நாட்டிற்குப் பெயர்த்துப் பயன்படுத்தும்போது வெளிப்பட்டது. 1550-51-இல் ஸ்பெயினின் வல்லதோலித் நகரில் நடந்த விவாதத்தில், அமெரிக்கப் பழங்குடியினர்மீது போர் தொடுப்பது நேரியது என வாதிட்ட செபுல்வேதா, உபாகமம் 20-ஐயும் சான்றாகக் காட்டினார். அவ்வாணை குறிப்பிட்ட நாட்டிற்கும் மக்களுக்கும் உரியது, பின்பற்றத்தக்க முன்மாதிரியன்று என்று லாஸ் காசாஸ் மறுத்தார். இருவரும் சார்ந்த மரபின் நூல் இலத்தீன் வுல்கத்தா. உபாகமம் 20:17-இல் கிரேக்கம் அனாதெமா என்றதை, வுல்கத்தா வாளால் கொல்லுதல் என்ற சொற்களால் பெயர்த்துள்ளது. படைத்தல் என்ற பொருட்கூறு மறைந்து, படைத்தலைவன் எக்காலத்திலும் இடக்கூடிய கட்டளையின் வடிவமே அவ்வசனத்தில் எஞ்சியது.

நான்காவது விடை வரலாற்றாய்வு தந்தது. ஏறத்தாழக் கி.மு. 1208-இன் மெர்நெப்தா கல்வெட்டில் இசுரவேல் என்ற பெயர் பெரும்பாலான அறிஞர் கருத்துப்படி முதன்முதலாக இடம்பெறுகிறது. அங்கு அது வித்தின்றி அழிந்துவிட்டதாகவே எகிப்திய மன்னன் கூறுகிறான். முற்றழிவு என்பது அக்கால வெற்றிக் கல்வெட்டுகளின் மிகைநடை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை. யோசுவா நூல் அழிந்ததாகக் கூறும் குடிகள் நியாயாதிபதிகள் முதல் அதிகாரத்தில் உயிரோடு இருக்கின்றனர். 1952 முதல் 1958 வரை எரிகோவில் அகழாய்வு செய்த கேத்லீன் கென்யன், யோசுவாவுக்குரியதாகக் கருதப்படும் காலத்தில் அங்கு அரண்சூழ் நகர் இருந்தமைக்குச் சான்று காணவில்லை. இவ்விடை நிகழ்வின் சுமையைக் குறைக்கிறது. பனுவலின் சுமையை அன்று. நடவாத படுகொலையையும் ஒரு நூல் அறமாகக் கற்பிக்க இயலும்.

6. தமிழில் ஹேரெம்

1719-இல் மறைந்த சீகன்பால்கு ரூத் நூல்வரை பழைய ஏற்பாட்டைத் தமிழாக்கியிருந்தார். எனவே தமிழ் அச்சு விவிலிய மரபு தொடக்கத்திலேயே இப்பகுதிகளை எதிர்கொண்டது. 1871-இல் ஹென்றி பவர் தலைமையிலான குழு நிறைவுசெய்த பெயர்ப்பு சீர்திருத்தச் சபைகளில் இன்றும் பரவலாக வாசிக்கப்படுகிறது. அவ்வழிவந்த பனுவலில் ஹேரெம் இரண்டாகப் பிரிகிறது. யோசுவா 6-இல் 'சாபத்தீடு'. உபாகமம் 7:2-இல் 'சங்காரம்பண்ணுதல்'. 1 சாமுவேல் 15:3-இல் 'சங்கரித்தல்'.

'சாபத்தீடு' அனாதெமா மரபின் வழி வந்த பொருளையே முன்னிறுத்துகிறது. சாபம் என்றவுடன் குற்றம் என்ற எண்ணம் தோன்றுகிறது. அழிபவர் அழிவுக்கு உரியவர் என்ற தீர்ப்பு சொல்லிலேயே அடங்கிவிடுகிறது. எபிரேயச் சொல்லில் அத்தீர்ப்பு இல்லை. விற்கவும் மீட்கவும் கூடாத வயலும் ஹேரெம்தான். ஆயினும் 'ஈடு' என்ற பின்னுறுப்பு, ஒன்றன் பொருட்டு வைக்கப்பட்டது என்ற பொருளுக்குச் சிறிது இடமளிக்கிறது.

'சங்காரம்' தனக்கென ஓர் இறையியலுடன் வந்த சொல். சைவ மரபில் அது இறைவனின் ஐந்தொழில்களுள் ஒன்று. பிறந்திறந்து இளைத்த உயிர்களுக்கு ஓய்வளிக்கும் அருட்செயலாகச் சித்தாந்தம் அதை விளக்குகிறது. ஒறுத்தலும் அருளே எனக் கூற 'மறக்கருணை' என்ற கலைச்சொல்லும் அங்கு உண்டு. சூரசங்காரத்தில் வீழ்ந்த சூரன் மயிலும் சேவலுமாகி இறைவனிடமே இடம்பெறுகிறான். இவ்வளவு இணக்கமும் பொதிந்த சொல் உபாகமத்தில் வரும்போது, மூலம் தராத ஓர் ஆறுதல் வாசகருக்குக் கிடைக்கக்கூடும். இலக்கண நிலையிலும் ஒரு வேறுபாடு உண்டு. சைவ வழக்கில் சங்காரத்தின் எழுவாய் இறைவன். உபாகமம் 7:2-இல் எழுவாய் மனிதர். இறைவனுக்குரிய தொழிலைக் குறிக்கும் வினையை வாளேந்திய மனிதருக்குக் கொடுப்பது, அவர்தம் செயலுக்குச் சொல்லளவில் இறைமையை வழங்குவதாகும்.

7. முடிவுரை

நீக்குதல், உருவகமாக்குதல், ஆணையென ஏற்றல், மிகையென விளக்குதல் ஆகிய நான்கு விடைகளும் திருச்சபை வரலாற்றில் தத்தம் இடத்தைப் பெற்றுள்ளன. 2010-இல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் வெளியிட்ட 'வெர்பும் தோமினி' என்ற மடல் இத்தகைய பகுதிகளை இருண்டவை என ஒப்புக்கொண்டு, வெளிப்பாடு வரலாற்றில் படிப்படியாக வளர்வதைச் சுட்டுகிறது. எவ்விடை சிறந்தது என்று தீர்ப்பது மொழிபெயர்ப்பாளரின் பணியன்று. வழிபாட்டில் எதை வாசிப்பது என்பதைச் சபை முடிவுசெய்யலாம். எவ்வாறு விளங்கிக்கொள்வது என்பதை உரையாசிரியர் கூறலாம். வாசகர் அவ்விடைகளை எடைபோட வேண்டுமாயின் சிக்கல் அவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். சாபம் என்றும் சங்காரம் என்றும் சொல்லிலேயே தீர்த்து வைத்தால் அவ்வாய்ப்பு அவருக்கு இல்லை. ஹேரெம் வரும் இடங்களில் ஒரே சொல்லையோ, அது இயலாதபோது அடிக்குறிப்பையோ தருவது வருங்காலத் தமிழ்ப் பெயர்ப்புகளுக்குச் செய்யத்தக்க குறைந்த அளவுப் பணியாகும்.

அவ்வாறு செய்வதில் வேறொரு பயனும் உண்டு. ரோமர் 9:3-இல் பவுல், தம் இனத்தாருக்காகத் தாமே அனாதெமா ஆகவும் விரும்புவதாக எழுதுகிறார். எரிகோவுக்கு ஆளப்பட்ட அதே கிரேக்கச் சொல் அது. பிறரை அழிவுக்கு ஒப்படைத்த சொல், பிறருக்காகத் தம்மையே ஒப்படைக்கும் சொல்லாக அங்குத் திரும்புகிறது. சிக்கலுக்கு விவிலியத்தின் உள்ளிருந்தே கிடைக்கும் விடைகளுள் இது வலிமையானது எனலாம். யோசுவாவின் 'சாபத்தீடு', பவுலின் 'சபிக்கப்பட்டவன்' ஆகிய சொற்களின் வழியே தமிழில் இத்தொடர்பின் ஓரிழை எஞ்சியுள்ளது. உபாகமத்தின் 'சங்காரம்' அவ்விழையை அறுத்து நிற்கிறது.