பெட்டியடியில் உட்கார்ந்த பையன்கள்

அக்கா மகனுக்கு வேலை கிடைத்தபோது குற்றாலத்தில் சாரல் பிடித்திருந்தது. ஊருக்கு வந்தவனைக் கூட்டிக்கொண்டு ஐந்தருவியில் குளித்துவிட்டு, பிரானூர் பார்டரில் பரோட்டாவுக்கு உட்கார்ந்தோம். மும்பையில் ஒரு வெளிநாட்டு முதலீட்டு வங்கி. இரண்டு வருட அனலிஸ்ட் புரோகிராம். முதல் சில வாரங்கள் வகுப்பு, பிறகு ஏதாவது ஒரு குழுவில் போடுவார்கள், இரண்டு வருடம் முடிந்தால் வைத்துக்கொள்வார்கள் அல்லது கையைக் குலுக்கி அனுப்பிவிடுவார்கள். அக்காவுக்கு இது பிடிபடவே இல்லை. "பேங்க்னா எந்தப் பிராஞ்ச்னு சொல்லணும்லா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். "கவுண்டர்ல உக்கார்ற வேலை இல்லம்மா. ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியை வாங்கும்லா, அதுக்குக் கணக்குப் போட்டுக் கொடுக்கணும்" என்றான்.

பிறகு என்னிடம் கேட்டான்: "நம்ம ஆளுங்க யாராச்சும் இதுக்கு முன்னாடி இப்படிப் போயிருக்காங்களா மாமா?"

போயிருக்கிறார்கள். இவனைவிடப் பத்து வயது சின்னப் பையன்கள், கையில் டிகிரி இல்லாமல், கப்பல் ஏறி. தென்காசியிலிருந்து அல்ல, சற்று வடகிழக்கே செட்டிநாட்டிலிருந்து. பரோட்டாக் கடையில் அரைகுறையாகச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன்.

1852இல் கீழ் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐராவதி டெல்டாவின் அரிசிக்கு உலகச் சந்தை கிடைத்ததும் காட்டை வெட்டி வயலாக்க விவசாயிக்குப் பணம் தேவைப்பட்டது. ஐரோப்பிய வங்கிகள் ரங்கூன் துறைமுகத்தைத் தாண்டி உள்ளே போகவில்லை. போனவர்கள் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். 1930 வாக்கில் பர்மா முழுக்க அவர்களுடைய கடைகள் சுமார் 1,650 இருந்ததாக மாகாண வங்கி விசாரணைக் குழு கணக்கிட்டது. இத்தனை கடைக்கும் ஆள் வேண்டுமே? கல்லூரி கிடையாது, தேர்வு கிடையாது. ஆனால் ஒரு பயிற்சி முறை இருந்தது. அது இன்றைய அனலிஸ்ட் புரோகிராமைவிட இறுக்கமானது என்பது என் எண்ணம்.

அதன் முதல் படி பெட்டியடிப் பையன். பணப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்வதால் அந்தப் பெயர். பத்துப் பன்னிரண்டு வயதிலேயே ஆரம்பித்துவிடும். பெருக்குவது, எடுபிடி வேலை, கடிதம் கொண்டுபோவது, நடுவில் கணக்கு. அடுத்த படி அடுத்தாள், அதாவது உதவி ஏஜெண்ட். அதற்கும் மேலே மேலாள், கடையை நடத்துகிற ஏஜெண்ட். முதலாளி பெரும்பாலும் ஊரில் இருப்பார். ஏஜெண்டின் தவணை மூன்று வருடம், சம்பளத்தில் ஒரு பங்கு முன்பணமாகவே குடும்பத்துக்குப் போய்விடும். மனைவி செட்டிநாட்டு வீட்டில். மூன்று வருடம் முடிந்து கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்பி, கொஞ்ச நாள் இருந்துவிட்டு அடுத்த தவணை. அந்த வீடுகளின் தேக்குத் தூண்களைப் படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போடும்போது, அங்கே மூன்று வருடம் காத்திருந்தவளை நாம் யோசிப்பதில்லை.

பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இவர்கள் தங்கிய இடத்துக்குக் கிட்டங்கி என்று பெயர். நீளமான ஒரு கூடம். ஒரே கூரையின் கீழ் பல கடைகள். ஒரு கடைக்கு ஒரு பெட்டி, ஒரு சாய்வு மேசை, ஒரு பாய், அவ்வளவுதான் இடம். பகலில் அந்தப் பாயில் உட்கார்ந்து வரவு செலவு, ராத்திரி அதே இடத்தில் தூக்கம். சாப்பாடு பொதுச் சமையல். எங்கள் ஐடி கம்பெனியில் ஓப்பன் ஆபீஸ் என்று ஒன்றைக் கொண்டுவந்து பெரிய புதுமைபோலப் பேசியபோது எனக்குக் கிட்டங்கிதான் ஞாபகம் வந்தது. பக்கத்துக் கடைக்காரர் யாருக்குக் கடன் மறுத்தார், எவன் வட்டி பாக்கி என்பதெல்லாம் தானாகவே காதில் விழும். பாதிப் பயிற்சி அந்தக் காதில்தான் நடந்திருக்கும்.

மீதிப் பயிற்சி மனக்கணக்கு. தமிழ்ப் பின்னங்களை நம்மில் பெரும்பாலோர் மறந்துவிட்டோம். மா என்றால் இருபதில் ஒன்று. காணி, எண்பதில் ஒன்று. முந்திரி, முந்நூற்று இருபதில் ஒன்று. இதெல்லாம் வாய்ப்பாடாக நாக்கில் இருக்கவேண்டும். வட்டி நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் நாலு அணா என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் கணக்கில் வருடம் 15 சதவீதம். 320 ரூபாய் கடனுக்கு 17 நாள் வட்டி எவ்வளவு? கடனாளி எதிரே நிற்கும்போதே பையன் சொல்லவேண்டும்: 2 ரூபாய் 4 அணா 3 தம்பிடி. நான் கால்குலேட்டரில் இரண்டு முறை தப்பாகப் போட்டு மூன்றாவது முறை சரியாக வந்தது. "எங்களுக்கும் மவுஸைத் தொடக்கூடாதாம் மாமா, எல்லாமே கீபோர்டு ஷார்ட்கட்தான்" என்றான் மருமகன். அதே ஜாதி வித்தைதான்.

ஜாதி என்று வாய்தவறிச் சொல்லவில்லை. இந்தப் பயிற்சியின் வாசல் உறவுக்காரர்களுக்கும் சொந்தச் சமூகத்துக்கும்தான் அகலமாகத் திறந்தது. ஈடு இல்லாமல் ஒரு பையனை நம்பிப் பெட்டிச் சாவியைக் கொடுக்க, அவன் அப்பாவையும் தாத்தாவையும் தெரிந்திருப்பதே ஈடு. வெளியாட்களும் போனார்கள். சிங்கம்புணரிக்காரரான ப. சிங்காரம் செட்டியார் குடும்பத்தவர் அல்ல; ஆனால் இளம் வயதில் இந்தோனேசியாவின் மேடானுக்குப் போய் வட்டிக்கடையில் வேலை பார்த்தார். 'புயலிலே ஒரு தோணி' வாசித்தவர்களுக்கு அந்த உலகம் தெரியும். எனக்கு இந்த விஷயத்தில் அவருடைய முதல் நாவலான 'கடலுக்கு அப்பால்' இன்னும் முக்கியம். பினாங்கு வட்டிக்கடையில் வேலை பார்க்கும் செல்லையா, நேதாஜியின் படையில் சேர்ந்து போரைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறான். முதலாளி மகளைக் கட்டிக்கொள்ளும் நிலையில் இருந்தவன். முதலாளி மறுத்துவிடுகிறார். பட்டாளத்துக்குப் போய் வந்தவன் இனி லேவாதேவிக்கு ஆகமாட்டான் என்பது அவருடைய கணக்கு. அவர் கொடியவர் இல்லை என்பதுதான் அந்த நாவலில் கஷ்டமான இடம். ஒரு வகை மனம் கடைக்கு வேண்டும், அது இவனிடம் இப்போது இல்லை என்று அவருக்கு உண்மையாகவே தெரிகிறது.

அது என்ன மனம்? பர்மாவுக்குத் திரும்புகிறேன்.

செட்டியார்களை வெறும் கந்துவட்டிக்காரர்கள் என்று சொல்வது தவறு. உள்ளூர்க் கடன்காரர்களைவிட அவர்கள் வாங்கிய வட்டி பொதுவாகக் குறைவு. நிலமும் அவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை. பணம் சுற்றினால்தான் லாபம், நிலத்தில் மாட்டினால் முடக்கம். இதை விசாரணைக் குழுவிடமே சொன்னார்கள். ஆனால் 1930இல் அரிசி விலை சரிந்து சில மாதங்களில் கிட்டத்தட்டப் பாதியானது. கடன் திரும்பவில்லை. ஈடாக இருந்த வயல் கைமாறியது. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார்களிடம் இருந்தது சுமார் 5,70,000 ஏக்கர், அதாவது 6 சதவீதம். 1938க்குள் அது சுமார் 24,68,000 ஏக்கர். நாலில் ஒரு பங்கு.

இந்த இடத்தை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். ஏதோ ஒரு டெல்டா ஊரில் ஓர் அடுத்தாள், வயது இருபது இருக்கலாம், ராத்திரி விளக்கு வைத்துக்கொண்டு பேரேட்டில் அதைப் பதிகிறான். கடன் பத்தியில் இருந்த தொகை நிலப் பத்திக்குப் போகிறது. இரண்டு பக்கமும் ஒத்துப்போகிறது. அவன் பொய் எழுதவில்லை, தம்பிடிகூடத் திருடவில்லை. பத்து வருடம் அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததை அப்படியே சுத்தமாகச் செய்திருக்கிறான். அந்த வயலிலிருந்து போன குடும்பம் எங்கே போனது என்று எழுத அந்தப் பேரேட்டில் பத்தி கிடையாது. 1930 டிசம்பரில் தாராவடி மாவட்டத்தில் சயா சான் தலைமையில் விவசாயிகள் கிளர்ந்தெழுந்தார்கள். வரியும் கடனும் சேர்ந்து நெரித்த கோபம் அதில் இருந்தது. கடைகளில் பலருக்கு அது வானத்திலிருந்து விழுந்ததுபோல இருந்திருக்கும்.

அப்புறம் நடந்தது சுருக்கமாக. 1937 பிப்ரவரி 10 அன்று எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைக் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நேரத்தில் திறந்தார். இரண்டு மாதத்துக்குள் பர்மா இந்தியாவிலிருந்து தனியாகப் பிரிந்தது. 1942 மார்ச்சில் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தார்கள். லட்சக்கணக்கான இந்தியர்கள் தப்பி ஓடினார்கள், பெரும்பாலானோர் காட்டு வழியே நடந்து. 1948இல் சுதந்திர பர்மா நிலத்தை தேசியமயமாக்கியது. பெட்டியடியில் தொடங்கி மூன்று தலைமுறை சேர்த்தது போனது.

பார்டர் கடையில் இவ்வளவும் கேட்டுவிட்டு அவன், "அப்ப போகவேண்டாம்ங்கிறீங்களா?" என்றான். இல்லை. அக்கா வீட்டுக்கடன் எவ்வளவு பாக்கி என்று எனக்குத் தெரியும். தவிர, பயமுறுத்தி யாரையும் நிறுத்த முடியாது. மைக்கேல் லூயிஸ் என்ற அமெரிக்கர் எண்பதுகளில் சாலமன் பிரதர்ஸின் பயிற்சி வகுப்பில் சேர்ந்து, வெளியே வந்து, அந்த உலகத்தின் கிறுக்குத்தனத்தை 1989இல் 'லையர்ஸ் போக்கர்' என்று எழுதினார். படித்துவிட்டு இளைஞர்கள் வேறு வேலைக்குப் போவார்கள் என்று நினைத்தார். வந்த கடிதங்களோ, உள்ளே நுழைய இன்னும் ஏதாவது டிப்ஸ் உண்டா என்று கேட்டன. நானும் எழுதி என்ன ஆகப்போகிறது! 'கடலுக்கு அப்பால்' பிரதியைக் கொடுத்து, தென்காசி ஸ்டேஷனில் பொதிகையில் ஏற்றிவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து ராத்திரி ஒரு மணிக்குக் கூப்பிட்டான். பயிற்சியில் ஒரு மாதிரிக் கணக்கு கொடுத்திருக்கிறார்கள். ஒரு கம்பெனி இன்னொன்றை வாங்குகிறது. இரண்டு ஆலையில் ஒன்றை மூடுவதால் மிச்சமாகும் பணம் ஒரே ஒரு வரியில் வருகிறது.

"அறுநூறு பேர் மாமா. ஷீட்ல அதுக்கு 'செலவுச் சேமிப்பு'ன்னு பேரு. வரியை மாத்த முடியாது. பக்கத்துல ஒரு கமென்ட் மட்டும் போட்டு வச்சேன், அறுநூறு பேர்னு."

"அப்புறம்?"

"சீனியர் அழிச்சிட்டாரு. திட்டல்லாம் இல்ல. டோட்டல் ஒத்துப்போகுதான்னு மட்டும் பாத்தாரு."

"ஒத்துப்போச்சா?"

"ஒத்துப்போச்சு மாமா."