குற்றம் என்பது யாது?

வகுப்பறையிலே ஒரு மாணவனின் பேனா காணாமற் போய்விடுகிறது. உடனே நாம் செய்வது என்ன? எல்லோர் பைகளையுமா சோதிக்கிறோம்? இல்லை. கண் ஒரு பையன்மீது செல்கிறது. அவன் இன்ன தெருவினன், இன்னாருடைய மகன் என்ற எண்ணம் மனத்திலே ஓடுகிறது. கை அவன் பையை நோக்கி நீளுகிறது. அண்மையிலே நாமும் அதைத்தான் செய்தோம். பேனா பிறகு பெஞ்சின் இடுக்கிலே கிடைத்தது. பையன் ஒன்றும் சொல்லவில்லை. கொட்டப்பட்ட புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கிக்கொண்டான். அன்றிரவு சட்ட நூலைப் புரட்டும்படி நம்மைத் தூண்டியது அந்த மௌனந்தான்.

குற்றம் என்பது யாது? தீமையெல்லாம் குற்றமாகிவிடாது. கடன் வாங்கியவன் தவணையிலே திருப்பித் தரவில்லை. அது சிவில் வழக்கு. கொடுத்தவன்தான் நீதிமன்றத்தின் படியேற வேண்டும். ஆனால், திருப்பித் தரும் எண்ணமே இன்றிப் பொய்யுரைத்து வாங்கினான் என்றால் அது மோசடி. அப்போது அரசே முன்வந்து வழக்கு நடத்துகிறது. ஒருவனுக்கு இழைத்த தீங்கு சமுதாயத்துக்கே இழைத்த தீங்காகக் கருதப்படுகிறது. கைமாறியது அதே நூறு ரூபாய்தான்! வேறுபாடு எங்கே இருக்கிறது? வாங்கியவனின் உள்ளத்திலே இருக்கிறது.

குற்றவியலின் அடித்தளமே இதுதான். செயல் ஒன்று, மனம் ஒன்று; இரண்டும் கூடினால்தான் குற்றம். மேலைநாட்டார் செயலை ‘ஆக்டஸ் ரியஸ்’ என்றும், குற்ற மனத்தை ‘மென்ஸ் ரியா’ என்றும் இலத்தீன் மொழியிலே வழங்குவர். மனம் குற்றமுடையதாக இல்லாதவரை செயல் மட்டும் ஒருவனைக் குற்றவாளியாக்காது என்ற கொள்கையைப் பதினேழாம் நூற்றாண்டிலே எட்வர்ட் கோக் என்ற ஆங்கிலச் சட்ட அறிஞர் வலியுறுத்தினார்.

இந்நாட்டிலே அக்கொள்கை ஒரே சட்டமாக வடிவெடுப்பதற்குக் காலம் பிடித்தது. மனுநீதியை எடுத்துக்கொள்வோம். பார்ப்பனனை இகழ்ந்து பேசியவன் சத்திரியனாயின் நூறு பணம் தண்டம். நான்காம் வருணத்தானாயின் உடலிலே தண்டனை. சொல் ஒன்றே! நாக்கு யாருடையது என்பதுதான் கேள்வி! கம்பெனி ஆட்சியிலும் குழப்பம் குறையவில்லை. உள்நாட்டிலே இசுலாமியத் தண்டனை முறை, தலைநகரங்களிலே ஆங்கிலச் சட்டம் என்ற இரட்டை நிலை. பொய்ப் பத்திரம் புனைந்தார் என்று 1775-இல் கல்கத்தாவிலே நந்தகுமார் தூக்கிலிடப்பட்டது அந்த ஆங்கிலச் சட்டத்தின்படிதான்.

மெக்காலேயின் தலைமையிலே அமைந்த சட்டக் குழு 1837-இல் ஒரு வரைவைத் தந்தது. அது 1860-இல் இந்திய தண்டனைச் சட்டமாகி, 1862 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதைக் காண மெக்காலே உயிரோடில்லை, 1859-இலேயே மறைந்துவிட்டார். அவர்மீது நமக்கு வேறு வருத்தங்கள் உண்டு. ஆனால் இந்நூலிலே அவர் கையாண்ட ஒரு முறையைப் பாராட்டாமலிருக்க முடியவில்லை. இலக்கணத்துக்கு எடுத்துக்காட்டுத் தருவதுபோல, பிரிவுகளுக்கு அடியிலே சிறு சிறு கதைகள்! பிறன் நிலத்து மரத்தைக் கவரும் எண்ணத்தோடு ஒருவன் வெட்டுகிறான். எடுத்துச் செல்லாவிட்டாலும், வெட்டிச் சாய்த்த அக்கணமே திருட்டு. கோடரியால் வேலை செய்கிறான் ஒருவன். தலை கழன்று பறந்து அருகில் நின்றவன் மடிகிறான். அவன் தக்க எச்சரிக்கையோடு வேலை செய்திருந்தால் குற்றமில்லை. பிறன் கோழியைத் திருட எண்ணிச் சுடுகிறான் இன்னொருவன். புதருக்குப் பின்னே இருந்த, அவன் அறியாத ஒருவன்மீது குண்டு பாய்கிறது. செய்தது தகாத செயலே, ஆயினும் கொலையல்ல! கொல்லும் எண்ணமும் இல்லை, கொன்றுவிடுவோம் என்ற அறிவும் இல்லை. ஏழு வயது நிரம்பாத குழந்தை செய்தது குற்றமே ஆகாது என்பதும், சித்தம் கலங்கியவன், தன் உயிரைக் காக்கத் தாக்கியவன் போன்றோருக்கு விலக்கு என்பதும் அந்நூலிலே உண்டு.

1872-இல் சாட்சியச் சட்டம் வந்தது. குற்றம் சாட்டுவோரே அதை மெய்ப்பிக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவன் கெட்ட நடத்தையுடையவன் என்பது பொதுவாக வழக்குக்குப் பொருந்தாது என்றது அச்சட்டம். கோவலனுக்கு இந்த விதி கிடைத்ததா? பொற்கொல்லன் வாய்ச்சொல்லும் கையிலிருந்த சிலம்புமே போதுமாயின அன்றோ?

அதை வரைந்த சட்ட உறுப்பினர் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன். அவர் அதே பதவியிலிருந்த காலத்தில்தான், ஓராண்டு முன்பு, 1871-இல், குற்றப் பரம்பரைச் சட்டமும் நிறைவேறியது. என்னே முரண்! செயல் எங்கே? மனம் எங்கே? மெய்ப்பித்தவர் யார்? எதுவும் வேண்டியதில்லை! ஒரு சாதியை அரசு தன் அறிவிக்கையிலே குறித்துவிட்டால் போதும். அச்சாதியிலே பிறந்தவன் பதிவேட்டிலே ஏற்றப்படுவான். அறிவிக்கை செல்லுமா என்று எந்த நீதிமன்றமும் கேட்க முடியாது. ஏழு வயதுக்குட்பட்ட குழந்தை குற்றம் செய்யவே முடியாது என்ற அதே ஆட்சி, தொட்டிலிலே கிடக்கும் குழந்தையைக் குற்றப் பரம்பரை என்று அழைத்தது.

வடபுலத்திலே தொடங்கிய சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. கள்ளர், மறவர், குறவர் எனப் பல பிரிவினர்மீது பாய்ந்தது. விரல் ரேகை பதிய வேண்டும். ஆகவே மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றனர். இரவானால் காவலர் கண்ணெதிரே படுத்துறங்க வேண்டும். வெளியூர் செல்ல ராதாரிச் சீட்டு வேண்டும். பகலெல்லாம் ஏர் ஓட்டியவன் இரவிலே தன் குடிசையிலே உறங்க உரிமையற்றவனானான்.

உசிலம்பட்டி வட்டாரத்திலே பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மறுத்தனர். 1920 ஏப்ரல் 3 அன்று போலீசார் சுட்டனர். பதினாறு பேர் மாண்டனர். அவர்களிலே ஒரு பெண்ணும் உண்டு. அவர்கள் செய்த குற்றம் யாது? மெக்காலேயின் நூலைப் பக்கம் பக்கமாகப் புரட்டினாலும், பிறந்ததைக் குற்றமென்னும் பிரிவு அதிலே இல்லை.

சென்னை மாகாணத்திலே 1947-இல் அச்சட்டம் ஒழிந்தது. நாடெங்கும் 1952 ஆகஸ்டு 31 அன்று ஒழிந்தது. ஆனால் ‘வழக்கமாகக் குற்றம் புரிவோர்’ என்ற புதிய பெயரிலே சட்டங்கள் வந்தன. சென்னையிலே அத்தகைய சட்டம் 1948-இலேயே வந்துவிட்டது. ‘சீர்மரபினர்’ என்று அரசுத் தாளிலே பெயர் மாறியது. காவல் நிலையத்தின் நினைவு அவ்வளவு விரைவிலே மாறவில்லை.

2024 சூலை முதல் நாள் மெக்காலேயின் நூல் விடைபெற்று, பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. மோசடிக்காரனை ‘ஃபோர் டுவென்டி’ என்று ஏசிப் பழகிய நாம் இனி ‘முந்நூற்றுப் பதினெட்டு’ என்றுதான் ஏச வேண்டும்! எண்கள் மாறினும், எண்ணமும் செயலும் என்ற அடித்தளம் அப்படியே இருக்கிறது. மரம் வெட்டியவன் கதையும் இருக்கிறது.

அதே ஆண்டு அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம், சுகன்யா சாந்தா என்ற செய்தியாளர் தொடுத்த வழக்கிலே தீர்ப்பளித்தது. சிறைக் கையேடுகள் சிலவற்றிலே, துப்புரவுப் பணி இன்ன சாதிக்கு, சமையல் இன்ன சாதிக்கு என்ற பாகுபாடு அதுவரை இருந்தது. நாடோடிக் குடிகளையும் முன்னாள் குற்றப் பரம்பரையினரையும் பிறவிக் குற்றவாளிகளாகக் கருதும் விதிகளும் இருந்தன. அவை அரசியலமைப்புக்கு முரணானவை என்று நீதிமன்றம் கூறியது. கைதிகளின் பதிவேடுகளிலே உள்ள சாதிப் பத்தியை நீக்கும்படியும் ஆணையிட்டது. ரேகைச் சட்டம் ஒழிந்து எழுபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு!