காங் (நாய்களுக்கான விளையாட்டுப் பொருள்)

காங் என்பது நாய்கள் கடித்து விளையாடுவதற்காக இயற்கை ரப்பரால் செய்யப்படும், உள்ளீடற்ற ஒரு விளையாட்டுப் பொருள் ஆகும். இதன் உட்குழிவில் உணவை அடைத்து நாயிடம் கொடுப்பர். நாய் அதனை நக்கியும் கடித்தும் உருட்டியும் சிறிது சிறிதாக வெளியே எடுத்து உண்ணும். ஐக்கிய அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் கோல்டன் நகரில் உள்ள காங் நிறுவனம் இதனைத் தயாரிக்கிறது.

வரலாறு

இதனை உருவாக்கியவர் ஜோ மார்க்கம். அவர் வளர்த்த ஃபிரிட்ஸ் என்னும் ஜெர்மன் ஷெப்பர்ட் நாய் முன்னர் காவல்துறையில் பணியாற்றியது. கற்களைக் கடிக்கும் பழக்கத்தால் அதன் பற்கள் பழுதடைந்தன. மார்க்கம் தமது பழைய ஃபோக்ஸ்வாகன் வண்டியைப் பழுதுபார்த்தபோது கழற்றிப் போட்ட ரப்பர் உதிரிப்பாகம் ஒன்றை ஃபிரிட்ஸ் விரும்பிக் கடித்தது. அதன் வடிவத்தைத் தழுவியே காங் உருவானது. நிறுவனம் 1976-ல் தொடங்கப்பட்டது. கிங் காங் என்னும் திரைப்படக் குரங்கின் காதடைப்பான் போல இருக்கிறது என்று ஒருவர் வேடிக்கையாகக் கூறியதே பெயருக்கு மூலம் எனப்படுகிறது.

அமைப்பு

மேலே செல்லச் செல்லச் சிறுக்கும் மூன்று பந்துகளை அடுக்கியது போன்ற வடிவம் கொண்டது. இதனால் தரையில் விழும்போது எதிர்பாராத திசையில் துள்ளும். அகன்ற முனையில் பெரிய துளையும் குறுகிய முனையில் சிறிய துளையும் உள்ளன. சிறிய துளை அழகுக்காக அன்று. ஒரே துளை உள்ள பொம்மையில் நாயின் நாக்கு நுழையும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி நாக்கு சிக்கிக்கொள்ளக்கூடும். காற்று புகுவதற்கு மறுவழி இருந்தால் அவ்வாறு நேராது. சிவப்பு நிறம் பொதுப் பயன்பாட்டுக்கும், கறுப்பு நிறம் கடுமையாகக் கடிக்கும் நாய்களுக்கும் உரியது. முழுவதும் வாய்க்குள் போகும் அளவிலான காங் மூச்சுக்குழாயை அடைத்துவிடும் ஆதலால், அளவு குறித்து ஐயம் இருந்தால் பெரியதை வாங்குவதே நன்று.

நிரப்பும் முறை

சிறிய துளையை மசித்த வாழைப்பழம் போன்ற குழைவான உணவால் அடைத்து, நடுப்பகுதியில் வழக்கமான நாயுணவை இட்டு, பெரிய துளையை மீண்டும் குழைவான உணவால் மூடுவது பொதுவான முறை. வேகவைத்த எலும்பற்ற கோழி இறைச்சி, பூசணி, கேரட், அவித்த முட்டை, உப்பும் தாளிப்பும் இல்லாத சோறு முதலியவை ஏற்றவை. தயிரும் சேர்க்கலாம், எனினும் சில நாய்களுக்குப் பால்பொருட்கள் செரிப்பதில்லை.

பழக்கமில்லாத நாய்க்கு முதலில் எளிதில் உதிரும்படி தளர்வாக நிரப்ப வேண்டும். உணவு வராவிட்டால் அது முயற்சியைக் கைவிட்டுவிடும். பழகிய பின்னர் இறுக்கமாக நிரப்பி, உறைய வைத்துக் கொடுக்கலாம். உறைந்த காங் அவசரமாக விழுங்கும் நாயையும் நெடுநேரம் ஈடுபடுத்தும்.

உள்ளே இடும் உணவு அன்றைய உணவின் ஒரு பகுதியே என்பது பலரும் மறந்துவிடும் செய்தி. தின்பண்டங்கள் அன்றாட ஆற்றலில் 10 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது கால்நடை மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. 10 கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 600 கலோரி தேவை. ஒரு மேசைக்கரண்டி வேர்க்கடலை வெண்ணெயிலேயே ஏறக்குறைய 95 கலோரி உண்டு. எனவே வழக்கமான உணவையே காங்கில் இட்டுத் தருவது இந்தச் சிக்கலைத் தவிர்க்கும்.

தவிர்க்க வேண்டியவை

சர்க்கரைக்கு மாற்றாகச் சேர்க்கப்படும் சைலிட்டால் நாய்களுக்கு மிகவும் ஆபத்தானது. இது இன்சுலினைப் பெருமளவில் சுரக்கச் செய்து, ஒரு மணி நேரத்திற்குள்ளேயே இரத்தச் சர்க்கரையைக் கடுமையாகக் குறைத்துவிடும், கல்லீரலும் செயலிழக்கலாம். சில வேர்க்கடலை வெண்ணெய்களிலும் இது கலக்கப்படுகிறது. ஈ967, பிர்ச் சர்க்கரை ஆகிய பெயர்களிலும் இது குறிக்கப்படுவதால் உட்பொருள் பட்டியலை முழுவதும் படிக்க வேண்டும்.

வெங்காயமும் பூண்டும் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. சாக்கலேட்டு, மக்கடேமியா கொட்டை ஆகியனவும் கூடா. திராட்சையும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தைப் பாதிக்கும். அவற்றிலுள்ள டார்டாரிக் அமிலமே இதற்குக் காரணமாகலாம் என்று 2021-ல் அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் சிலர் சுட்டிக்காட்டினர். இதே அமிலம் புளியில் மிகுதி. புளி உண்ட நாய்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதும் பதிவாகியுள்ளது. ஆகவே நம் வீடுகளில் மிஞ்சும் சாம்பார் சாதமும் புளியோதரையும், வெங்காயம் இல்லாவிடினும், நாய்க்கு ஏற்றவை அல்ல.

பயனும் வரம்பும்

தனிமையில் விடப்படும் நாய் சலிப்பினால் செருப்பையும் கதவையும் கடிப்பதைக் குறைக்க இது உதவும். ஆனால் உரிமையாளரைப் பிரிந்தால் உண்மையாகவே அஞ்சி நடுங்கும் நாய் அந்நேரத்தில் எதையும் உண்ணாமலே இருக்கலாம். அடைத்த காங் தொடப்படாமல் கிடந்து, வீட்டார் திரும்பியவுடன் நாய் அதனை ஆவலுடன் உண்ணுமாயின், அது சலிப்பு அன்று, பிரிவச்சத்தின் அறிகுறி. அதற்குத் தேவை மருத்துவரும் பயிற்சியுமே.

ஒவ்வொரு முறையும் வெந்நீரில் புட்டித் தூரிகையால் உட்புறத்தைக் கழுவ வேண்டும். விரிசல் கண்ட காங்கிலிருந்து துண்டுகள் பெயர்ந்து குடலை அடைக்கலாம் என்பதால் அதனை அப்புறப்படுத்திவிட வேண்டும்.