பன்றிக் காதில் ஒரு பட்டுப் பை

பிறர் தொழிலில் எழும் சிக்கல்களுக்கு விடை தேடித் தருவதையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்கள் உண்டு என்பதை நீங்கள் அறிவீர்களா? அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1886-ஆம் ஆண்டு ஆர்தர் லிட்டில், ரோஜர் கிரிஃபின் என்னும் இரு வேதியியலார் அத்தகைய நிறுவனம் ஒன்றைத் தொடங்கினர். காகிதத் தொழிலின் வேதியியலில் அவர்கள் தேர்ந்தவர்கள். ஆனால் 1893-இல் ஆய்வுக்கூட விபத்தொன்றில் கிரிஃபின் உயிரிழந்தார். லிட்டில் பணியைக் கைவிடவில்லை.

ஆராய்ச்சியால் என்ன பயன் என்று கேட்போருக்கு அவர் எப்படி விடையளித்தார் தெரியுமா? பன்றிக் காதைக் கொண்டு பட்டுப் பை செய்ய முடியாது என்பது ஆங்கிலப் பழமொழி. 1921-இல் அவருடைய ஆய்வுக்கூடத்தார் அதையே செய்து காட்டினர். பன்றிக் காதுகளைக் காய்ச்சி எடுத்த பசையை வடிகட்டி, நுண்துளைகள் வழியே இழைகளாக்கி, ஃபார்மால்டிஹைடால் கெட்டிப்படுத்தினர். பிறகு சாயமேற்றி, கிளிசரினால் மென்மையாக்கி நெய்தனர். பை உருவாயிற்று!

அந்தப் பை விற்பனைக்காகச் செய்யப்பட்டதன்று. முடியாது என்று சொல்லுமுன் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதே அதன் பாடம். அந்நிறுவனம் 2002-இல் நொடித்துக் கைமாறியது. பையோ ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இடம்பெற்றுவிட்டது. அடுத்த முறை "முடியாது" என்று சொல்ல நேர்ந்தால், அந்தப் பையை நினைத்துக்கொள்ளுங்கள்.