இயங்குதளப் போட்டி: புதுக்கோட்டை மாவட்டமும் தமிழ்நாட்டு அனுபவமும்

இயங்குதளப் போட்டி என்பது கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள்களான விண்டோஸ், லினக்ஸ், மேக் ஆகியவற்றுள் எது மேல் என்று நடக்கும் நெடுநாள் வழக்கு. 1992 ஜனவரியில் மினிக்ஸ் என்ற இயங்குதளத்தை எழுதிய பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாம், ஹெல்சின்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸின் லினக்ஸைக் காலாவதியான வடிவமைப்பு என்று சாடினார். டோர்வால்ட்ஸும் சூடாகப் பதில் சொன்னார். கெர்னல் எனப்படும் கருவின் அமைப்பு பற்றிய அந்தச் சண்டை இன்றும் மேற்கோளாகச் சொல்லப்படுகிறது. 1974இல் திருச்சி, தஞ்சாவூர் மாவட்டப் பகுதிகளைப் பிரித்து உருவான புதுக்கோட்டை மாவட்டத்தில், தமிழ்நாட்டின் மற்ற மாவட்டங்களைப் போலவே, வழக்கைத் தீர்த்துவைத்தவை வேறு: தமிழ் எழுத்துரு, அச்சுப்பொறி, ஒன்றிரண்டு பழைய மென்பொருள்கள்.

எழுத்துருச் சிக்கல்

புதுக்கோட்டையின் ராஜ வீதிகளிலோ அறந்தாங்கியிலோ ஒரு டி.டி.பி. கடைக்குள் நுழைந்தால் கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து அழைப்பு, கண்ணீர் அஞ்சலி எல்லாம் பேஜ்மேக்கர் என்னும் பக்க வடிவமைப்பு மென்பொருளில் தயாராவதை நெடுங்காலம் பார்க்க முடிந்தது. அதன் கடைசிப் பெரும் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001இல். யூனிகோடு தமிழ் அதில் சரியாக வராது. ஆகவே பாமினி, வானவில், செந்தமிழ் போன்ற பழைய எழுத்துருக்களே கடைக்காரருக்கு மூலதனம். இவை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தவை. ‘தமிழ்’ என்று பாமினியில் அடித்த சொல்லை எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று ஐந்து குறிகள் வரிசையாக நிற்கும். வானவிலில் அடித்ததைப் பாமினியாக மாற்றிப் பார்த்தாலும் குப்பைதான். ஒவ்வொரு எழுத்துருவுக்கும் தனி வரிசை.

அரசு இதைச் சீர்செய்ய இரண்டு முறை முயன்றது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டித் தமிழ்99 விசைப்பலகையும் டாம், டாப் என்னும் குறியேற்றங்களும் ஏற்கப்பட்டன. 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டின்போது, யூனிகோடும் அதோடு டேஸ்16 என்னும் குறியேற்றமும் அரசின் தரமாயின. ஆணை வந்த பிறகும் அலுவலகக் கோப்புகளில் வானவில் அவ்வையார் எழுத்துரு பல்லாண்டு ஓடியது. தட்டச்சு நிலையத்தில் பழைய தட்டச்சுப் பொறியில் கை பழகி, ஹையர் தேர்வு எழுதி, அந்தத் தகுதியில் வேலைக்கு வந்தவரிடம் போய்த் தமிழ்99 கற்றுக்கொள்ளுங்கள் என்றால் அவர் எதற்குக் கேட்க வேண்டும்?

விண்டோஸும் தொடக்கத்தில் யூனிகோடு தமிழுக்கு எளிதாக இடம் கொடுக்கவில்லை. லதா எழுத்துரு விண்டோஸ் 2000உடன் வந்தது. ஆனால் எக்ஸ்பியில் தமிழ் ஒழுங்காகத் தெரிய வேண்டுமென்றால் கன்ட்ரோல் பேனலில் மொழிப் பகுதிக்குப் போய்ச் சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும். அடித்தவுடன் அது எக்ஸ்பி சிடியைக் கேட்கும். சிடி எங்கே போயிற்று என்று யாருக்குத் தெரியும்? அதைச் செய்யாத கணினியில் கொம்பு மெய்யெழுத்துக்குப் பின்னால் புள்ளி வட்டத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். யூனிகோடில் கொம்பு மெய்க்குப் பின் பதிவாகிறது. திரையில் முன்னால் எடுத்து வைப்பது இயங்குதளத்தின் வேலை. லினக்ஸிலும் ஆரம்பத்தில் இதே கோளாறு இருந்தது. இந்த இடைவெளியை அடைத்தவர்கள் பெரும்பாலும் அரசுக்கு வெளியே இருந்தவர்கள்: முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல், விசுவநாதனின் அழகி, முகுந்தின் இ-கலப்பை, நியூ ஹொரைசன் மீடியாவின் என்எச்எம் ரைட்டர். இவற்றில் பல விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டவை. தமிழ் அடிக்க விண்டோஸ்தான் வசதி என்ற எண்ணம் ஊன்றியதில் இவற்றின் வெற்றிக்கும் பங்கு உண்டு.

அரசின் லினக்ஸ் முயற்சிகள்

தமிழ்நாடு மின்னணு நிறுவனமான எல்காட்டின் மேலாண்மை இயக்குநராக 2006 முதல் 2008 வரை இருந்த சி. உமாசங்கர், முதலில் தம் நிறுவனத்தின் கணினிகளையே சூசே லினக்ஸுக்கு மாற்றினார். பிறகு பள்ளிகளுக்கு வாங்கும் கணினிகளிலும் அதையே கொண்டுவந்தார். உரிமக் கட்டணம் மிச்சம், வைரஸ் தொல்லை குறைவு என்பவை அவர் பக்கத்து வாதங்கள். அதே காலத்தில், 2007 ஜனவரியில், சென்னை சி-டாக் டெபியனை அடிப்படையாகக் கொண்டு பாஸ் லினக்ஸை வெளியிட்டது. இந்திய மொழிகளில் இடைமுகம் தருவது அதன் நோக்கங்களில் ஒன்று.

பெரிய சோதனை 2011 செப்டம்பர் 15இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம். முதல் ஆண்டுக்கே 9.12 லட்சம் மடிக்கணினிகளுக்கு ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டது. ஆண்டுகள் செல்லச் செல்ல மொத்தம் 50 லட்சத்தைத் தாண்டியது. ஆலங்குடி, கறம்பக்குடி, பொன்னமராவதி அரசுப் பள்ளி மாணவர்களில் எத்தனையோ பேருக்கு வீட்டுக்கு வந்த முதல் கணினி அதுதான். முதலில் வந்தவற்றில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. பொத்தானை அழுத்தியதும் கறுப்புத் திரையில் இரண்டு பெயர்கள் தோன்றும். அம்புக்குறி விசையால் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இரண்டையும் கொடுத்துவிட்டால் மாணவர் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வார் என்பது காகிதத்தில் நல்ல யோசனை. நடந்தது அதுவல்ல. ஸ்டார்ட்டர் பதிப்பு குறைப்பிரசவம்: சுவர்ப்படத்தைக்கூட மாற்ற விடாது, 2 ஜிபிக்கு மேல் ராம் போட்டாலும் எடுத்துக்கொள்ளாது. ஆனால் அதன் குறைகள் மாணவரை லினக்ஸ் பக்கம் தள்ளவில்லை. சர்வீஸ் கடைப் பக்கம் தள்ளின. ‘ஓஎஸ் போட்டுக் குடுங்கண்ணே’ என்று கொண்டுவந்தால், வட்டை மொத்தமாக ஃபார்மேட் அடித்து, உரிமமில்லாத விண்டோஸ் 7 அல்டிமேட்டைப் போட்டுக் கொடுக்கும் வழக்கம் பரவியது. பாஸ் இருந்த பகுதியும் அதோடு போயிற்று. உரிமக் கட்டணம் மிச்சம் என்ற வாதம் சர்வீஸ் கடையில் எடுபடாது; அங்கே விண்டோஸும் இலவசமே.

மூன்றாவது முயற்சி 2014இல். ஏப்ரல் 8ஆம் தேதியோடு எக்ஸ்பிக்கான ஆதரவு முடிந்ததால், அரசுத் துறைகள் பாஸ் லினக்ஸுக்கு மாறும்படி மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறை அறிவுறுத்தியது. பாமினியிலும் வானவிலிலும் அடித்த கோப்புகள் அலமாரி அலமாரியாக இருக்க, அறிவுறுத்தல் எவ்வளவு தூரம் செல்லும்?

பாடநூலும் தேர்வும்

மேல்நிலைப் பள்ளிப் பாடநூல் தனியாக ஒரு கதை. பழைய பாடத்திட்டத்தின் பிளஸ் 2 கணினி அறிவியல் முதல் தொகுதி ஸ்டார் ஆபீஸைக் கற்பித்தது. அதை வைத்திருந்த சன் நிறுவனத்தை ஆரக்கிள் 2010இல் வாங்கி, அடுத்த ஆண்டே அந்த மென்பொருளைக் கைவிட்டது. தமிழ்நாட்டு மாணவர்களோ 2019 மார்ச் தேர்வு வரை அதன் மெனுக்களை மனப்பாடம் செய்தார்கள். 2018இல் வந்த பிளஸ் 1 புதிய நூலில் விண்டோஸோடு உபுண்டுவும் பாடமாயிற்று. கணினிப் பயன்பாடுகள் நூலில் ஓப்பன் ஆபீஸ் இடம்பெற்றது.

கேரளம் இதே காலத்தில் வேறு வழியில் போனது. 2001இல் தொடங்கிய ஐடி@ஸ்கூல் திட்டம், பள்ளிகளுக்கென்று ஒரு லினக்ஸ் பதிப்பைத் தொகுத்து, ஆசிரியர்களுக்கு அதிலேயே பயிற்சி கொடுத்து, பத்தாம் வகுப்பு செய்முறைத் தேர்வையும் அதிலேயே நடத்தியது. மதிப்பெண் எங்கே இருக்கிறதோ அங்கே மாணவர் போவார். தமிழ்நாட்டில் கையில் கணினி கொடுத்ததோடு வேலை நின்றுவிட்டது. இலவசக் கணினி வேண்டாம் என்பதல்ல இதற்குப் பொருள். கணினிக்குச் செலவிட்டதில் சிறு பங்கைப் பயிற்சிக்கும் செலவிட்டிருக்கலாம்.

அன்றாடத் தொல்லைகள்

ஜெராக்ஸ் கடைகளில் அதிகம் காணப்படும் அச்சுப்பொறிகளில் ஒன்று கேனான் எல்பிபி 2900. பக்கத்தை வரைந்து முடிக்கும் வேலையைத் தன்னுள் செய்யாமல் கணினியிடமே விட்டுவிடும் வகை அது. அதனால் விலை மலிவு; அதனாலேயே அதற்குரிய டிரைவர் இல்லாமல் ஒரு கோடுகூட அச்சாகாது. விண்டோஸில் அது இரண்டு நிமிட வேலை. லினக்ஸில் அரைநாள் போனாலும் பலிக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. வாசலில் ஆதார் நகலுக்கு நாலு பேர் நிற்கும் கடையில் இந்த ஒன்றே போதும், வழக்கு முடிந்துவிடும். டேலி கணக்கு மென்பொருளும் விண்டோஸுக்கென்றே வெளியிடப்படுகிறது.

லினக்ஸ்காரர்களுக்கு நிச்சய வெற்றி தந்த இடம் பென்டிரைவ். ஷார்ட்கட் வைரஸ் என்று கடைகளில் சொல்லப்படுவது, உண்மையான ஃபோல்டரை மறைத்துவிட்டு அதே பெயரில் ஒரு குறுக்குவழியை வைக்கும். அதைச் சொடுக்கினால் வைரஸ் அடுத்த கணினிக்குத் தாவும். விண்டோஸில் அட்ரிப் என்ற கட்டளையை அடித்து ஃபோல்டரை மீட்கத் தெரிந்த பையனுக்கு எந்தக் கடையிலும் மரியாதை. லினக்ஸில் அதே பென்டிரைவைச் செருகினால் மறைத்த ஃபோல்டர் மறையாமல் தெரியும், வைரஸ் பயனற்ற ஒரு கோப்பாகக் கிடக்கும். ‘சிஸ்டம் ஹேங் ஆகுது’ என்ற புகாரிலும் பழைய கணினிக்கு இலேசான லினக்ஸ் நல்ல மருந்துதான்.

மேக் இந்த வழக்கில் பெரிதாக ஆஜராகவில்லை. 2005இல் வந்த டைகர் பதிப்பிலேயே முத்து நெடுமாறனின் இணைமதி எழுத்துரு அதில் இடம்பெற்றுவிட்டது. தமிழில் அது யாருக்கும் இளைத்ததில்லை. விலையில்தான் எட்டாமல் போயிற்று.

இன்றைய நிலை

எழுத்துரு முடிச்சு மெல்ல அவிழ்ந்துவருகிறது. 2012இல் வந்த இன்டிசைன் சிஎஸ்6 முதல் அச்சுப் பக்க அமைப்பிலும் யூனிகோடு தமிழ் வந்துவிட்டது. தமிழ் இணையக் கல்விக்கழகம் யூனிகோடு எழுத்துருக்களை இலவசமாகத் தருகிறது. பழைய கோப்புகளை மாற்றும் கருவிகளும் கிடைக்கின்றன. கைப்பேசியில் தமிழ் அடிக்கும் தலைமுறைக்குப் பாமினி என்ற பெயரே தெரியாது. அவர்கள் கையிலுள்ள ஆண்ட்ராய்டின் கரு லினக்ஸ் என்பதும் பலருக்குத் தெரியாது.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 சில்லும் புதிய செயலியும் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் முதல் ஆண்டுகளில் வந்த மடிக்கணினிகளில் இல்லை. அவற்றை வைத்திருப்போருக்கு முன்னால் உள்ள வழிகள் மூன்று: பாதுகாப்புத் திருத்தம் இல்லாமல் ஓட்டுவது, லினக்ஸுக்கு மாறுவது, பழைய இரும்புக்குப் போடுவது. இரண்டாவதைத் தேர்ந்தெடுக்க நினைப்பவர் வீட்டில் இருக்கும் அச்சுப்பொறியின் மாடல் எண்ணை முதலில் பார்த்துக்கொள்வது நல்லது.