மண்ணெண்ணெயில் ஓடிய ஏ-40

1950-களில் யாழ்ப்பாணத்துக்கு வந்த ஒஸ்ரின் ஏ-40, ஒஸ்ரின் கேம்பிரிஜ், மொறிஸ் மைனர் கார்கள் இங்கிலாந்துத் தெருக்களில் அருகிப்போன பின்பும் குடாநாட்டில் வாடகைக்கு ஓடிக்கொண்டிருந்தன. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் 1960-களில் இறக்குமதி இறுகியது. 1977-இல் சந்தை திறந்துவிடப்படும்வரை, இருக்கிற காரைப் பேணுவதே வழி. சாமான் வேண்டுமென்றால் கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளில் தேடி, ரயிலிலோ லொறியிலோ ஏற்றிவிடுவார்கள்.

1990 ஜூனில் உள்நாட்டுப் போர் மீண்டும் மூண்டபோது அந்த வழி அடைபட்டது. யாழ்தேவி ரயில் நின்றது, குடாநாட்டுக்குள் வரும் ஆனையிறவுப் பாதை மூடியது. பெற்றோல், பற்றரி, வாகன உதிரிப்பாகம் எல்லாம் அரசின் தடைப்பட்டியலில் சேர்ந்தன.

புதிய ஜப்பானிய வாகனங்கள் முடங்கிய இடத்தில் பழைய ஒஸ்ரின்கள் ஓடியதற்குக் காரணம் அவற்றின் எஞ்சின். ஏ-40-இன் 1200 சிசி எஞ்சினில் அழுத்த விகிதம் ஏறக்குறைய 7-க்கு 1 தான். அதனால் மண்ணெண்ணெய் போன்ற மட்டமான எரிபொருளையும் அது ஏற்றுக்கொண்டது. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே கொஞ்சம் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை எழுப்பி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். பற்றரி செத்திருந்தால் முன்பக்கத்தில் கைப்பிடியைச் செருகிச் சுற்றலாம். அந்தக் காலத்துப் பிரித்தானியக் கார்களில் அதற்கென்றே துளை உண்டு. வீதியெங்கும் வெண்புகையும் மண்ணெண்ணெய் நாற்றமும். எரியாமல் மிஞ்சியது பிஸ்டன் வளையங்களைத் தாண்டி எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்தது, பிளக்குகளில் கரி படிந்தது. ஓடாத காரிலிருந்து கழற்றியதும் கடைச்சல் பட்டறையில் கடைந்ததுமே மாற்றுச் சாமான்.

அதே தீவின் தென்பகுதியில் அப்போது நடந்தது வேறு கதை. இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திவந்த சார்ள்ஸ் வெயாரின் முயற்சியால், 1990-களில் மொறிஸ் மைனருக்கான தகடுகளும் பாகங்களும் இலங்கையில் செய்யப்பட்டு இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாகின. யாழ்ப்பாணத்து மைனருக்கோ ஆனையிறவுக்கு இப்பால் ஒரு பிளக் வந்து சேருவதே பெரும்பாடு.

2002 ஏப்ரலில் ஏ-9 நெடுஞ்சாலை திறந்தபோது சாமான்கள் வந்தன. பழைய கார்களை விலைபேசத் தெற்கிலிருந்து ஆட்களும் வந்தார்கள். 2006-இல் பாதை மறுபடி மூடிற்று. 2009-இல் போர் முடிந்தபின் திறந்தபோது, அதுவரை பிழைப்புக்கு ஓடிய கார் சேகரிப்பாளரின் பொருளாகிவிட்டிருந்தது. இப்போது வேலை தலைகீழ்: முற்றுகைக்காலத்தில் ஒட்டவைத்ததையெல்லாம் கழற்றிவிட்டு, தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்த சாமானைத் தேட வேண்டும்.

அந்தத் தேடல் காருக்குக் கார் வேறுபடும். கேம்பிரிஜ் ஏ-55 வைத்திருப்பவருக்கு இந்தியா கைகொடுக்கும். அதன் 1489 சிசி எஞ்சினும் கல்கத்தாவுக்கு அருகே 2014 வரை தயாரான அம்பாசடர் காரின் பழைய பெற்றோல் எஞ்சினும் ஒரே குடும்பம். சென்னைப் புதுப்பேட்டை உதிரிப்பாகக் கடைகளில் தேடினால் பொருந்துவது கிடைக்கக்கூடும். மொறிஸ் மைனர் 16 லட்சத்துக்கும் மேல் தயாரானதால் அதற்கு இங்கிலாந்தில் இன்றும் புதிய பாகம் வார்க்கிறார்கள். ஏ-40 வகைகளில் ஒன்றான சொமசெற்றின் நிலைமை அப்படியல்ல. 1952 முதல் 1954 வரை மட்டும், 1,73,000 அளவில் வெளிவந்த கார் அது. எஞ்சின் சாமானைக் கடைந்தாவது எடுக்கலாம். வளைந்த பின்கண்ணாடிக்கும் முன்புறக் குரோம் சட்டத்துக்கும் இன்னொரு சொமசெற்றைத்தான் வாங்கிப் பிரிக்க வேண்டியிருக்கிறது.